அப்பத்தா போட்டோவும் ஜிம்ப்பும்: ஒரு ஓசி சாஃப்ட்வேர் ரிவ்யூ

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். வீட்ல பரண்ல கெடக்கற பழைய போட்டோவ ஸ்கேன் பண்ணி கறை, கீறல், மடிப்பு, மங்கல் எல்லாத்தையும் சரி பண்ணணும்னா ஜிம்ப் (GIMP)ங்கற கம்ப்யூட்டர் போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேர் போதும், காசு குடுத்து எதுவும் வாங்க வேணாம். ஆனா ஜிம்ப் ஒரு சிடுமூஞ்சி சாஃப்ட்வேர், மொத ஒரு வாரம் மூடிட்டு எந்திரிச்சுப் போயிடலாம்னு தோணும். அந்த ஒரு வாரத்த தாண்டிட்டீங்கன்னா அது உங்க பேச்ச மட்டும்தான் கேக்கும், தானா எதையும் பண்ணாது. செத்துப்போனவங்க போட்டோல வேல பார்க்கறப்ப எனக்கு இந்த குணம்தான் பெருசா தெரியுது, ஏன்னு சொல்றேன்.

எங்க அப்பத்தாவுக்கு மொத்தமே ஒரே ஒரு போட்டோதான். ஸ்டூடியோல நாற்காலில உக்கார வெச்சு எடுத்த கருப்பு வெள்ள படம், நாலு மூலையும் தேஞ்சு நடுவுல ஒரு மடிப்புக் கோடு. இத பெருசு பண்ணி மாட்டணும்னு சித்தப்பா ஊர்ல ஒரு கடைல குடுத்தாரு. வந்தத பார்த்தா அப்பத்தா முகம் மாவு பூசின மாதிரி வழவழன்னு இருக்கு, ஒரு சுருக்கம் கெடையாது, பின்னாடி நீலக்கலர்ல வானம், அதோட நிக்காம ஒரு ரவிக்க வேற போட்டு விட்டுட்டாங்க. ஆயுசுக்கும் ரவிக்க போடாத மனுஷி அது. "என்னப்பா இது, யாரு இந்தம்மா"ன்னு பெரிய அத்தை கேட்டாங்க. கடைக்காரர கேட்டா "எல்லாரும் இப்படித்தான் சார் கேக்குறாங்க, நீங்க சொல்லிருந்தா விட்ருப்போம்"ங்கறாரு. அவரையும் முழுசா குத்தம் சொல்ல முடியாது, அஞ்சலி போஸ்டர் அவசரத்துக்கு ராத்திரியோட ராத்திரியா கோட்டு சூட்டு ஒட்டிக் குடுக்கறதுதான் அவங்க தினப்படி வேல, கை அதுக்குப் பழகிடுச்சு.

சரி போன்லயே இப்ப ஏஐ ஆப் வந்துடுச்சேன்னு மச்சான் ஒருத்தன் அதுல ஒன்னுல போட்டுக் குடுத்தான். பளிச்சுன்னு இருந்துச்சு, பொய் சொல்லல, ஆனா காத பாருங்க. அப்பத்தா தண்டட்டி போட்டு காது தோள் வரைக்கும் தொங்கும். அந்த ஆப்புக்கு தண்டட்டின்னா என்னன்னு தெரியாதுல்ல, அது காத ஒழுங்கா சின்னதா வரைஞ்சு வெச்சு, தொங்கற எடத்துல கழுத்து மாதிரி ஏதோ குழப்பி விட்டுடுச்சு. கண்ணுக்கு மை போட்ட மாதிரி இமை முடி வேற. இந்த ஆப்பெல்லாம் இருக்கற போட்டோவ சுத்தம் பண்றதில்ல, மங்கலா இருக்கற எடத்துல அதுகிட்ட இருக்கற லட்சக்கணக்கான முகத்த வெச்சு இப்படித்தான் இருந்திருக்கும்னு ஒன்ன ஊகிச்சு வரைஞ்சுடுது. நம்ம ஆளு அந்த லட்சத்துல இல்லன்னா போச்சு.

அதுக்கப்புறம்தான் ஜிம்ப். தெரியாதவங்களுக்கு: 1995ல அமெரிக்காவுல பெர்க்லி யுனிவர்சிட்டில படிச்சுக்கிட்டு இருந்த ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மேட்டிஸ்னு ரெண்டு பசங்க ஆரம்பிச்சது, இன்னிக்கு வரைக்கும் இலவசம், விளம்பரம் கெடையாது, லாகின் கெடையாது, நெட் இல்லாமலே ஓடும். 2018ல 2.10 வந்துச்சு, அதுக்கப்புறம் ஏழு வருஷம் காக்க வெச்சு 2025 மார்ச்ல 3.0 விட்டாங்க. நான் சொல்றது 3.0 வெச்சு. பழசுல இருக்கறவங்க மாறிடுங்க, இதுல பில்டர் (படத்த மாத்தற ரெடிமேட் வித்த) போட்டா லேயர் பக்கத்துல, அதாவது கண்ணாடித் தாள் மாதிரி ஒன்னு மேல ஒன்னா அடுக்கற படத்துப் பக்கத்துல, எஃப்எக்ஸ்னு ஒரு அடையாளம் வரும், நாளைக்கு வந்து அத திறந்து கூட்டிக் கொறச்சுக்கலாம், வேணாம்னா தூக்கிடலாம். முன்னாடியெல்லாம் போட்டா போட்டதுதான்.

ஆனா ஜிம்ப்ப திறக்கறதுக்கு முன்னாடி ஸ்கேன் சரியா இருக்கணும், பாதி பேரு இங்கதான் கோட்ட விடறது. ப்ரௌசிங் சென்டர்ல குடுத்தா ஆதார் கார்ட் ஸ்கேன் பண்ற அதே செட்டிங்ல பிடிஎஃப்பா எடுத்து வாட்சப்ல அனுப்பிடுவாங்க, அத வெச்சு பிரம்மாவே வந்தாலும் ஒன்னும் பண்ண முடியாது. 600 டிபிஐ (ஒரு இஞ்சுக்கு எத்தன புள்ளிங்கற கணக்கு), கலர், டிஃப் ஃபைல் (தரம் கொறையாம சேமிக்கறது), இந்த மூணையும் கேட்டு வாங்குங்க. நாலுக்கு ஆறு போட்டோவ 600ல எடுத்தா 2400க்கு 3600 பிக்சல் வரும், அத 300 டிபிஐல பிரிண்ட் போட்டா கரெக்டா எட்டுக்குப் பன்னெண்டு சைஸ். ஒரு ஃபைல் 25 எம்பி சொச்சம் வரும், பயப்படாதீங்க. ஸ்டாம்ப் சைஸ், பாஸ்போர்ட் சைஸ் படமா இருந்தா 1200 வைங்க. கருப்பு வெள்ள படத்தையும் கலர்லதான் ஸ்கேன் பண்ணணும், ஏன்னு கீழ வரும். ஸ்கேனர் சாஃப்ட்வேர்ல ஆட்டோ கரெக்‌ஷன், ஷார்ப்பன், டஸ்ட் ரிமூவல்னு என்னென்ன டிக் இருக்கோ எல்லாத்தையும் எடுத்துடுங்க. பேப்பர்ல அச்சான படத்த ஸ்கேன் பண்றப்ப மட்டும் டீஸ்க்ரீன்னு ஒன்னு இருக்கும், அத போடணும், இல்லன்னா புள்ளி புள்ளியா அலை அடிக்கும்.

நம்மூர்ல இன்னொரு தலவலி, பிரேம் கண்ணாடியோட ஒட்டிக்கிட்ட போட்டோ. மழக்காலத்து ஈரத்துல போட்டோ மேல இருக்கற ஜெலட்டின் இளகி கண்ணாடில பிடிச்சுக்கும். பிரிக்காதீங்க, பிரிச்சா முகம் கண்ணாடியோட போயிடும். கண்ணாடியோடயே ஸ்கேன் பண்ணுங்க. இதுல ஒரு விஷயம், இப்ப வர்ற ஒல்லி ஸ்கேனர், ஆல் இன் ஒன் பிரிண்டர்ல இருக்கறது எல்லாம் பெரும்பாலும் சிஐஎஸ் சென்சார், கண்ணாடி தடிமன் அளவு படம் மேல தூக்கி இருந்தாலே மங்கலாயிடும். சிசிடி சென்சார் இருக்கற பழைய குண்டு ஸ்கேனர் யார்கிட்டயாவது இருந்தா கெஞ்சியாவது வாங்கிடுங்க. இல்லன்னா நெழல்ல வெச்சு, கருப்புத் துணிய எதிர்ல பிடிச்சு, கேமரால எடுக்கறது மேல்.

இப்ப ஜிம்ப். மொதல்ல அந்த லேயர ஒரு டூப்ளிகேட் எடுத்துக்கோங்க, அடி லேயர தொடவே கூடாது. அப்புறம் கலர்ஸ் மெனுல லெவல்ஸ். நான் அடிச்சு சொல்லுவேன், இந்த ஒன்ன கத்துக்கிட்டா பாதி வேல முடிஞ்சுது. மங்கின போட்டோல கருப்பு உண்மையான கருப்பா இருக்காது, வெள்ள வெள்ளையா இருக்காது, எல்லாம் நடுவுல சாம்பல்ல கெடக்கும். லெவல்ஸ்ல ஒரு மலை மாதிரி கிராஃப் வரும், ரெண்டு பக்கமும் காலியா இருக்கும், கீழ இருக்கற கருப்பு முக்கோணத்தயும் வெள்ள முக்கோணத்தயும் மலை அடிவாரம் வரைக்கும் நகத்தி விட்டா போதும். படம் மூச்சு விட்டு எந்திரிக்கும். ரொம்ப உள்ள தள்ளாதீங்க, தலமுடி மொத்தமா கரிக்கட்டி ஆயிடும்.

கலர் போட்டோ, அதுலயும் எழுபதுகள் எண்பதுகள்ல கழுவினது, எல்லாம் செவப்பா பழுத்துப் போயிருக்கும். இருட்டு ஆல்பத்துக்குள்ள இருந்தா கூட நீலப்பச்சை சாயம் மொதல்ல வெளுத்துடும், மிச்சம் இருக்கற செவப்பு மட்டும் தூக்கிக் காட்டும், அதான் காரணம். அதுக்கு லெவல்ஸ்லயே மேல சேனல்னு ஒரு இடத்துல ரெட், கிரீன், ப்ளூன்னு தனித்தனியா எடுத்து அதே முக்கோண வேலைய மூணு தடவ பண்ணணும். கல்யாண ஆல்பத்துல பட்டுப்பொடவ மறுபடி மாம்பழக் கலருக்கு வர்றத பார்க்கறப்ப ஒரு சந்தோஷம் இருக்கே. வெள்ளைய தொட்டுக்காட்ட ஒரு ஐட்ராப்பர் இருக்கு, யூடியூப்ல எல்லாரும் சட்டையவோ சுவரையோ தொடச் சொல்லுவாங்க. நம்ம படத்துல வேட்டிய தொடுவீங்க. தொடாதீங்க! அந்தக் காலத்து வேட்டி சொட்டு நீலம் போட்டு அலசினது, நெசமாவே லேசா நீலமாத்தான் இருந்திருக்கும், அத வெள்ளன்னு சொல்லிட்டா ஜிம்ப் அந்த நீலத்த கழிச்சு படம் முழுக்க மஞ்ச ஏத்திடும். போட்டோவச் சுத்தி இருக்கற வெள்ள பார்டர தொடலாம், அது பழுப்பேறாம இருந்தா. கண்ணு வெள்ளையும் வேணாம்.

இனிமே சொல்றது எனக்கு ரொம்பப் பிடிச்ச வேல. சாமி படத்துக்கு பக்கத்துல மாட்டின போட்டோல சந்தனம் குங்குமம் வெச்சு வெச்சு, கண்ணாடி இடுக்கு வழியா எறங்கி போட்டோ வரைக்கும் கறை பிடிச்சிருக்கும். பக்கத்து எடத்த காப்பி எடுத்து கறைய மூடற ஹீல் டூல எடுத்து இத ஒவ்வொரு புள்ளியா தொடைக்க உக்காந்தா விடிஞ்சுடும். கருப்பு வெள்ள படம்னா அதுக்கு அவசியமே இல்ல. கலர்ஸ் மெனுல காம்பொனென்ட்ஸ், அதுக்குள்ள டீகம்போஸ், ஆர்ஜிபி. படம் செவப்பு, பச்சை, நீலம்னு மூணு லேயரா பிரிஞ்சு வரும், லேயர் பக்கத்துல இருக்கற கண்ணு படத்த அமுக்கி ஒவ்வொன்னா மறைச்சுக் காட்டிப் பாருங்க. செவப்பு லேயர்ல குங்குமக் கறைய காணோம், மஞ்சக் கறையும் காணோம், காயிதம் பழுப்பேறினது கூட காணோம்! நீல லேயர்ல பாருங்க, அதே கறை எல்லாம் கன்னங்கரேல்னு பூதமா நிக்கும். மஞ்சளும் செவப்பும் செவப்பு வெளிச்சத்த வெள்ளக் காயிதம் மாதிரியே திருப்பி அனுப்பிடுது, அதனால அந்த லேயர்ல கறையும் காயிதமும் ஒன்னா தெரியுது, அவ்வளவுதான் சூட்சுமம். அந்த செவப்பு லேயர மட்டும் வெச்சுக்கிட்டு மத்தத தூக்கிப் போட்டா தொண்ணூறு சதவீதம் கறை ஒரே க்ளிக்ல காலி. இதுக்குத்தான் கலர்ல ஸ்கேன் பண்ணச் சொன்னது, க்ரேஸ்கேல்ல, அதாவது வெறும் கருப்பு வெள்ளையா எடுத்தா இந்த வாய்ப்பே இல்ல. நீல மையில கையெழுத்தோ ரப்பர் ஸ்டாம்ப்போ மேல விழுந்திருந்தா உல்டா, நீல லேயர எடுக்கணும்.

ஒரு சிக்கல் மட்டும், குங்குமம் தலமுடி மேல விழுந்திருந்தா செவப்பு லேயர்ல அந்த இடம் வெளுத்துத் தெரியும், ஏன்னா அடில இருக்கறது கருப்பு. அந்த எடத்துக்கு மட்டும் பச்சை லேயர்ல இருந்து வெட்டி எடுத்து மேல வெச்சு ஓரத்த கரைச்சு விட்டா சரியாயிடும். கலர் போட்டோவுக்கு இந்த வித்த செல்லாது, அதுக்கு கையாலதான்.

கை வேலன்னா ரெண்டே டூல். கீபோர்டுல ஹீலுக்கு ஹெச், க்ளோனுக்கு சி. ரெண்டுலயும் கன்ட்ரோல் கீய அழுத்திக்கிட்டு நல்லா இருக்கற எடத்துல ஒரு க்ளிக், அப்புறம் கீறல் மேல தேய்க்கணும். க்ளோன் அப்படியே காப்பி அடிக்கும், ஹீல் காப்பி அடிச்சுட்டு சுத்தி இருக்கற வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி கலந்து விடும். கன்னம், சுவர், வானம் மாதிரி எடத்துக்கு ஹீல். ஆனா கருப்பும் வெள்ளையும் சேர்ற ஓரம், உதாரணத்துக்கு வேட்டிக் கரை, தோள் வளைவு, அங்கெல்லாம் ஹீல் போட்டீங்கன்னா மை ஒழுகின மாதிரி அழுக்காயிடும், அங்க க்ளோன்தான். ப்ரஷ் சைஸ் கீறலோட அகலத்த விட கொஞ்சூண்டு பெருசா இருந்தா போதும், சின்னதா எடுத்து நெறைய தடவ தொடுங்க, ஒரே இழுப்பா இழுத்தா கோடு விழும். சோர்ஸ் எடத்த, அதாவது கன்ட்ரோலோட க்ளிக் பண்ணி காட்டின எடத்த, அடிக்கடி மாத்துங்க, இல்லன்னா ஒரே புள்ளி மூணு எடத்துல முளைச்சு நிக்கும்.

தூசி போக்க டெஸ்பெக்கிள்னு ஒரு பில்டர் இருக்கு, படம் முழுக்க ஒரே தட்டுல போட்டுடலாம்னு ஆசையா இருக்கும். அது மூக்குத்திய தூசின்னு நெனைக்கும். மச்சத்த தூசின்னு நெனைக்கும். எங்க சின்ன அத்தையோட ஒரு வயசு போட்டோல ஒரு கன்னத்துல பெருசா திருஷ்டிப் பொட்டு, இன்னொரு கன்னத்துல அதே சைஸ்ல ஒரு பூஞ்சக் கறை. எது பொட்டு எது கறைன்னு எந்த சாஃப்ட்வேர் சொல்லும்? அத்தைகிட்டயே கேட்டா "எடது கன்னத்துலதான்டி வெப்பாக எங்கம்மா"ன்னாக. வலது கன்னத்துல இருந்தது கறை, அழிச்சாச்சு. இப்படி வீட்டுப் பெரியவங்கள பக்கத்துல வெச்சுக்கிட்டு பண்ண வேண்டிய வேல இது. டெஸ்பெக்கிள் வேணும்னா பின்னாடி சுவர மட்டும் செலக்ட் பண்ணி போட்டுக்கோங்க, முகத்து மேல போடாதீங்க.

மடிப்புக் கோடு முகத்து குறுக்க போனாதான் உண்மையான சோதன. அப்பத்தா படத்துல கோடு வலது புருவத்துக்கு மேல ஆரம்பிச்சு மூக்குப் பக்கமா எறங்குது. நெத்தி ஈசி, பக்கத்துல இருக்கற தோல எடுத்து ஹீல் பண்ணிடலாம், சுருக்கத்தோட போக்கு எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கமே சோர்ஸ் எடுக்கணும். புருவம் க்ளோன். கண்ணுகிட்ட வர்றப்ப ஜூம் 400 சதவீதம் வெச்சு கோட்ட மட்டும், கோட்டோட அகலம் என்னவோ அது மட்டும், சுத்தி ஒரு பிக்சல் தொடல. ஸ்டூடியோ வழக்கம் என்னன்னா ஒரு கண்ணு கெட்டுப்போயிருந்தா இன்னொரு கண்ண காப்பி எடுத்து கண்ணாடில பார்க்கற மாதிரி திருப்பி ஒட்டறது. சட்டுனு பார்த்தா தெரியாது, ஆனா கண்ணுக்குள்ள ஸ்டூடியோ விளக்கு விழுந்த வெள்ளப் புள்ளி ஒரு கண்ணுல இடது பக்கமும் இன்னொன்னுல வலது பக்கமும் நிக்கும், ஆளு பேயறஞ்ச மாதிரி ஆயிடுவாங்க. அப்படி பண்ணித்தான் ஆகணும்னா அந்தப் புள்ளிய எடம் மாத்தி வைங்க. இல்ல கொஞ்சம் கீறலோட விட்டுடுங்க, தப்பில்ல.

இப்ப திட்டு. மொத விஷயம், சேவ் கொடுத்தா ஜேபெக் வராது, எக்ஸ்சிஎஃப்னு அதோட சொந்த ஃபைல்தான் வரும், ஜேபெக் வேணும்னா எக்ஸ்போர்ட்னு தனியா போகணும். இதுல ஒரு நியாயம் இருக்கு, லேயர் எல்லாம் பத்திரமா இருக்கும், ஆனா புதுசா வர்றவங்களுக்கு மண்ட காயும். ரெண்டாவது, போட்டோஷாப்ல இருக்கற மாதிரி தொட்டா போதும் தானா ஆறிடற ஸ்பாட் ஹீலிங் இதுல இல்ல, ஒவ்வொரு தடவையும் சோர்ஸ் காட்டணும், நூத்துக்கணக்குல தூசிப் புள்ளி இருக்கற படத்துக்கு கை மணிக்கட்டு விட்டுப்போகும். ரீசின்த்தசைசர்னு ஒரு ப்ளகின் (கூடுதலா சேத்துக்கற குட்டி சாஃப்ட்வேர்) இருக்கு, செலக்ட் பண்ணின எடத்த அதுவே நிரப்பும், போட்டோஷாப்ல இதே வேல பண்ற கன்டென்ட் அவேர் வர்றதுக்கு முன்னாடியே இருந்த சமாச்சாரம், ஆனா ஜிம்ப் 2.10க்கு எழுதின பழைய பைத்தான் ப்ளகின் எதுவும் 3.0ல ஓடாது, புதுசுக்குன்னு மாத்தின வெர்ஷன்தான் போடணும். இன்ஸ்டால் பண்றது நம்ம வீட்டுப் பெரியவங்களால ஆகற காரியமில்ல. மூணாவது, திறக்கறதுக்கு லேட். மொத தடவ ஃபான்ட் எல்லாத்தையும் எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கும், டிடிபி வேல பார்க்கறவங்க சிஸ்டம்ல பாமினி வகையறா தமிழ் ஃபான்ட் நூத்துக்கணக்குல கெடக்கும், ஒரு டீ குடிச்சுட்டு வந்துடலாம். மெனு எல்லாம் எங்கெங்கயோ ஒளிஞ்சிருக்கும், சாய்ஞ்ச படத்த நேராக்கறது மெஷர் டூலுக்குள்ள இருக்குன்னு யாரு கனவு கண்டா?

போட்டோஷாப்போட ஒப்பிட்டா? மாசா மாசம் வாடக கட்ட முடியறவங்க, தெனம் இதே தொழிலா பண்றவங்க அத வெச்சுக்கட்டும், அது வேகம். நம்மூர்ல இன்னமும் 2002ல வந்த போட்டோஷாப் 7.0வ வெச்சு ஓட்டற கடை இருக்கு, ஹீலிங் ப்ரஷ் மொதமொதல்ல வந்ததே அதுலதான், அதனால அவங்கள கிண்டல் பண்ண மாட்டேன். எதுவும் இன்ஸ்டால் பண்ண முடியாத ஆபீஸ் சிஸ்டம்னா ப்ரௌசர்லயே ஃபோட்டோபியா திறந்துக்கலாம், பார்க்க போட்டோஷாப் மாதிரியே இருக்கும், ஓரத்துல விளம்பரம் வரும், அதுல ஸ்பாட் ஹீலிங் இருக்கு. போன் மட்டும்தான்னா ஸ்னாப்சீட் நல்லா இருக்கு, அதோட ஹீலிங் சின்னச் சின்ன புள்ளிக்கு ஓகே, நீளமான கீறல்னா சொதப்பும். கூகுள் போட்டோஸ்கேன் 2016ல வந்தது, நாலு புள்ளிய காட்டி போன நகத்தச் சொல்லி பளபளப்பு விழாம எடுத்துத் தரும். குடும்ப வாட்சப் குரூப்ல போட, யாரு யாருன்னு அடையாளம் கேக்க அது போதும், பெருசா பிரிண்ட் போட பத்தாது.

பிரிண்ட் பத்தி ஒன்னு. லேப்ல குடுக்கறப்ப "எந்தக் கரெக்‌ஷனும் வேணாம், அப்படியே போடுங்க"ன்னு வாயால சொல்லுங்க, இல்லன்னா அங்க இருக்கற தம்பி பழக்கத்துல முகத்த ரெண்டு பாயின்ட் வெளுத்து விட்டுடுவான். மொதல்ல ஒரு நாலுக்கு ஆறு போட்டுப் பார்த்துட்டு அப்புறம் பெருசு போடுங்க, ஸ்க்ரீன்ல தெரியற வெளிச்சம் காயிதத்துல எப்பவும் ஒரு படி இருட்டாத்தான் வரும். பளபள பேப்பர் வேணாம், மேட் கேளுங்க, நம்ம ரிப்பேர் வேல அதுல தெரியாது.

மார்க் போடணும்னா அஞ்சுக்கு நாலு. ஸ்பாட் ஹீலிங் கூடவே குடுத்திருந்தா நாலரை போட்டிருப்பேன். பத்து படத்துக்கு மேல சரி பண்ண இருக்கு, பொறுமையும் இருக்குன்னா கண்ண மூடிக்கிட்டு ஜிம்ப் போடுங்க, ஒரே ஒரு படம்தான், நாளைக்கே வேணும்னா நல்ல கடையா பார்த்து, ரவிக்க எல்லாம் போடக்கூடாதுன்னு சொல்லிக் குடுத்துடுங்க. டவுன்லோட் பண்றப்ப ஜிம்ப் டாட் ஆர்க் சைட்ல மட்டும் எடுங்க, தேடினா மேல வர்ற விளம்பரத்துல அமுக்கிடாதீங்க, அதே பேர்ல வைரஸ் வெச்சு ஏமாத்தினவங்க இருக்காங்க. விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாத்துக்கும் இருக்கு, நாலு ஜிபி ராம்ல கூட ஓடும், 1200 டிபிஐ ஃபைல திறந்தா மட்டும் கொஞ்சம் முக்கும்.